உன்னை மாதிரி வாசிக்காதே

டீச்சரம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. இறந்துபோன கணவர் தனியாக ஓபோ வாசிப்பதை ஒருமுறை கேட்கவேண்டும்.

வீட்டில் காது புளிக்கக் கேட்டவர்தான். ஓபோ மெலிந்த கறுப்புக் குழல்; நாணலில் செதுக்கிய சீவாளியை உதட்டில் கவ்வி ஊதவேண்டும். கணவர் சமையலறை மேசையில் சீவாளி செதுக்கிச் சோதிக்கும்போது வாத்து கத்துவது போலிருக்கும். "ஜோடி தேடுதா?" என்று இவர் கேலி செய்வார். அதையெல்லாம் யார் பதிவு செய்தார்கள்?

வானொலி இசைக்குழுவில் கணவருக்கு இரண்டாவது நாற்காலி. தனியாக ஒலிக்கும் வரிகளெல்லாம் முதல் நாற்காலிக்கு, அதாவது எல்லோரும் நெட்டையர் என்று கூப்பிடும் உயரக்காரருக்கு. நாற்காலிகளை வரிசைப்படுத்தியது மனிதன். அதை இயற்கை விதிபோல ஒருவன் ஆயுள் முழுக்கச் சுமக்கும்படி செய்வதும் மனிதன்தான்.

ஒரு பதிவு நாளில் நெட்டையர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கணவர் வாசித்தார். வீட்டுக்கு வந்து, "இன்னைக்குத் தனி வரி நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். ஒலிபரப்பில் நெட்டையர் பெயரையே சொன்னார்கள். மாற்ற யாருக்கும் நேரமில்லையாம்.

ஆன்மா எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களை டீச்சரம்மா வாசலோடு அனுப்பியிருந்தார். செத்தவர் வரமாட்டார். ஆனால் பதிவு வரலாம் அல்லவா?

வந்தது. நிலையம் பழைய பதிவுகளை இணையத்தில் ஏற்றியது. கணவர் அன்று வாசித்த அந்த இசை மட்டும் நான்கு பதிவுகள். நான்கிலும் நெட்டையர் பெயர்; தேதி எதிலும் இல்லை. மகள் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டாள்.

"பார்த்துட்டுச் சொன்னா அது ஆசைம்மா. பார்க்காம சொல்லு."

"எனக்கே பாடமா? போடுடி."

நெட்டையரின் ஒலி பிறக்கும்போதே நடுங்கும், காதலைச் சொல்ல வந்தவன் வாசலிலேயே தழுதழுப்பதுபோல. வரியின் முடிவில் கரைந்து கரைந்து போவார். கணவருடையது கோடு போட்டாற்போல் நேர். ஆடாமல் நின்று, பிறகுதான் லேசாக அசையும். முடிவில் இழுக்கமாட்டார், தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல் நிறுத்துவார்.

எப்படி மாற்றிப் போட்டாலும் டீச்சரம்மாவின் விரல் ஒரே பதிவுக்கு உயர்ந்தது. "இதுதான் உங்கப்பா." அன்று முழுக்க அதையே கேட்டார். மறுநாள் உறுதிசெய்துகொள்ள இருவரும் நெட்டையர் வீட்டுக்குப் போனார்கள்.

நெட்டையர் கண்ணை மூடிக் கேட்டார். "இது நான்தான், தங்கச்சி. சீவாளி புதுசு, விறைச்சுக்கிட்டு நின்னுது. நடுக்கமே வரல. குழுத்தலைவர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"அப்போ அவரு?"

மற்றவற்றையும் கேட்டுவிட்டு, "இந்த இடத்துல நான் மூச்சு எடுக்கவே மாட்டேன், இதுதான் அவன்" என்று நெட்டையர் ஒன்றைக் காட்டினார். நடுக்கம் தூக்கலாக இருக்கிறது என்று டீச்சரம்மா முதலிலேயே ஒதுக்கித் தள்ளியது அது.

"குழுத்தலைவர் அவன்கிட்ட சொல்லியிருக்காரு. உன்னை மாதிரி வாசிக்காதே, நெட்டையனை மாதிரி வாசி, கேக்கறவனுக்கு வித்தியாசம் தெரியக்கூடாதுன்னு. ரேடியோவுல வந்தப்போ நானே ஏமாந்துட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் மாமா பேசாம இருந்தீங்க?" என்றாள் மகள்.

"பாராட்டு எனக்குத்தானேம்மா வந்துச்சு." பிறகு, "பேரை மாத்தச் சொல்லி எழுதறேன்" என்றார்.

"எழுதுங்க, அது நியாயம். பேரை மாத்திடலாம். அவரோட குரலுக்கு எங்கேண்ணா போறது?"

டீச்சரம்மாவே மறுபடி தொடங்கினார். "அவர் உங்களை மாதிரி வாசிச்சாரே. நீங்க ஒரு தடவை அவரை மாதிரி வாசிங்க."

நெட்டையர் குழலை எடுத்தார். சீவாளியைத் தண்ணீரில் நனைத்துப் பொருத்தினார். உதட்டில் வைத்தவர் கீழே இறக்கினார்.

"அவன் எப்படி வாசிப்பான், தங்கச்சி? பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். ஒருநாளும் காது கொடுத்ததில்ல."

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. எழுந்து போய்விடுவாரோ என்று மகள் பயந்தாள். அவரோ நாற்காலியை நெட்டையருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஊதுங்க. நான் சொல்றேன்."

நெட்டையர் ஊதினார்.

"நடுங்காதீங்க. அங்கேயே நில்லுங்க."

மறுபடி ஊதினார்.

"இழுக்காதீங்க. சாத்துங்க."

மறுபடி.

"இல்ல. இது அவர் இல்ல. இன்னொரு தடவை."