நாற்காலிக்குக் காவல்

டிசைன் கல்லூரிக்கு விண்ணப்பிக்க, நேரில் பார்த்து வரைந்த படம் ஒன்று வேண்டும். மறுநாள் அனுப்பியாக வேண்டும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் ஏறி, பழைய காலத்து நாற்காலி, கண்ணாடிச் சாமான், பீங்கான் எல்லாம் வைத்திருக்கும் மியூசியத்துக்குப் போனேன். அப்பாவும் தொற்றிக்கொண்டார்.

“நாற்காலி வரையறதுக்கு ஒரு காலேஜா?” என்று வழியெல்லாம் கேட்டார். ரயில் பெட்டி சீட்டுகளுக்கு மெத்தை தைக்கிற ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிறவர் கேட்கிற கேள்வியா இது!

நான் கண் வைத்தது ஒரு சிவப்பு வெல்வெட் நாற்காலி மேல். கால்கள் சிங்கப் பாதம், கைப்பிடி முனையில் அன்னத்தின் கழுத்து. என்ன வளைவு! பென்சிலை எடுத்தால் முன்னால் ஒரு குடும்பம் செல்ஃபி எடுக்கிறது. அவர்கள் நகர்ந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வெகு நேரமாகியும் ஒரு கால்தான் தேறியது.

அப்போதுதான் அப்பா அந்தக் காரியத்தைச் செய்தார். நாற்காலியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி, மெத்தையின் நடுவில் கட்டைவிரலால் ஓர் அமுக்கு. ஷாப்பில் ஒவ்வொரு சீட்டையும் அப்படித்தான் பார்ப்பார். கல்யாண மண்டபச் சோபாவைக்கூட விடமாட்டார்.

“சாப்! ஹாத் நக்கோ!” கை வைக்காதே என்று கத்திக்கொண்டே மியூசியக் காவலர் ஓடி வந்தார். “கைக்கு சாப், கைக்கு?” ‘ஏன்’ என்பதை அந்த ஊர் இந்தியில் அப்படித்தான் கேட்பார்கள்.

“ஸ்பிரிங்கா, தேங்கா நாரான்னு பாத்தேன்,” என்றார் அப்பா தமிழிலேயே. பதற்றத்தில் அவருக்கு இந்தி மறந்துவிடும்.

காவலர் வாசலைக் காட்டினார். ஒற்றைக்கால் நாற்காலியை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது? தாளைத் தூக்கிக் காட்டி, இந்தியும் தெலுங்கும் கலந்து கெஞ்சினேன். அவர் படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். தண்டனை இதுதான்: மூடும்வரை அப்பா கயிற்றோரம் நின்று, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“ஹவ், ஹவ்,” என்று ஆமாம் போட்டுத் தலையாட்டிய அப்பா, உடனே ஒரு பெரியவரை விரட்டினார். “நக்கோ சாப், நக்கோ! தள்ளிப் போங்க, பொண்ணு வரையுது!”

கூட்டம் ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. பென்சில் ஓடியது. மூடும் மணி அடிப்பதற்குள் நாற்காலி முழுசாக வந்துவிட்டது.

பஸ்ஸில் அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். நாற்காலிக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் ஆள்.

“என்னை எதுக்குடி போட்ட? அதுவும் தொப்பையோட!”

“நேர்ல பாத்ததைத்தான் வரையணும்னு சொல்லியிருக்காங்கப்பா.”

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“அப்ப என் சட்டைப் பையில இருக்கற பேனா எங்க? அதையும் போட்டு அனுப்பு.”