டிரெய்லர்காரர் படகில் ஏறிய நாள்

படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவரை ‘அளவு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்களுக்கு ‘அளவண்ணே’. பட்டறைக்கு ஒரு படகு வந்து இறங்கினால் அவர் முதலில் வெல்டிங் மெஷினைத் தொடமாட்டார். அட்டைப் பெட்டிகளைக் கிழித்து எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். படகின் வயிறு வளைகிற மாதிரியே அட்டையை வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம் நறுக்கி, அடிக்கு ஒன்றாக நம்பர் போட்டு ஆணியில் மாட்டுவார். அதன் பிறகுதான் இரும்பு. கடையில் வாங்கும் டிரெய்லரில் படகு உட்கார்ந்திருக்கும். அவர் செய்ததில் படுத்துத் தூங்கும். வித்தியாசம் அவ்வளவுதான். அதற்காகத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இரும்பு கேட், ஜன்னல் கம்பி செய்துகொண்டிருந்தார். ஒருநாள் படகு ஏற்றிப்போன டிரெய்லர் ஒன்று அச்சு முறிந்து அவர் பட்டறை வாசலிலேயே படுத்துக்கொண்டது. சரிபண்ணப் போனவர், “இதப் பண்ணவன் படகக் கண்ணால பாத்திருக்க மாட்டான்” என்று திட்டிக்கொண்டே புதிதாக ஒன்று செய்துகொடுத்தார். அதோடு கேட் வேலை போயிற்று. இருபத்தாறு வருஷம்.

இந்த இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் படகில் போனதில்லை.

ஏரிக்கரையில் படகு இறக்க சிமென்ட் போட்ட சரிவு ஒன்று இருக்கிறது. புது டிரெய்லர் முதல்முறை தண்ணீருக்குள் இறங்கும்போது அவரும் போவார். பின்பக்கம் குனிந்து படகின் அடியில் ஒருதரம் கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “ம், விடு” என்பார். வண்டி பின்னால் போகும், சக்கரம் மூழ்கும், படகு மிதந்து நழுவும். ஏறினவர்கள் கையசைத்துக்கொண்டு போவார்கள். “ஒரு நாள் வாங்கண்ணே, ஒரு ரவுண்டு போலாம்!” “வர்றேன், வர்றேன்.” அந்த ஒரு நாள் என்ன கிழமை என்று யாரும் சொன்னதில்லை. காலி டிரெய்லரில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்பார். தானாகக் கேட்க வாய் வராது. மனுஷன் அப்படி.

மத்தியானம் ஷெட்டில் யாரும் இல்லாதபோது ஏணி வைத்து ஏறி, ஸ்டாண்டு மேல் நிற்கும் படகில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஒரு கை சாப்பாட்டில், ஒரு கை ஸ்டியரிங்கில். ஒருநாள் அவர் மனைவி வந்து பார்த்துவிட்டாள்.

“என்ன கேப்டன், கரை வந்துருச்சா? இறங்குங்க, கரண்டுக்காரர் வந்திருக்காரு.”

அன்றிலிருந்து வீட்டில் அவர் கேப்டன்தான்.

போன மாதம் வந்தவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மாள். பெரிய குரல். பழைய படகு ஒன்றை வாங்கியிருந்தாள். முன்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் பானை மாதிரி. எந்த டிரெய்லரிலும் ஒட்டாது. அவர் இன்ஜினை மாட்டச் சொல்லி, டாங்கை நிரப்பச் சொல்லி, வீட்டில் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து வண்டியோடு கோக்கிற டிரெய்லரின் மூக்குக்கு அடியில் வைத்தார். மூக்கில் பத்தில் ஒரு பங்கு பாரம் நிற்கிற வரைக்கும் அச்சை முன்னும் பின்னும் நகர்த்தினார். மூன்று நாள்.

“ஏண்ணே, இதுல நீங்க எத்தன தடவ போயிருக்கீங்க?” என்று அவள் கேட்டாள்.

“எதுல?”

“படகுல.”

“அதுக்கெல்லாம் எங்க நேரம்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணி. நீங்க ஏறலன்னா நானும் ஏற மாட்டேன். என் வீட்டுக்காரர் வண்டியப் பாத்துக்குவாரு. அவருக்குத் தண்ணின்னாலே குமட்டும்.”

கிழமை சொல்லிவிட்டாள்! அந்த வாரம் முழுக்க அவருக்கு வெல்டிங் கோடு நேராக வரவில்லை.

ஞாயிறு காலையில் சரிவின் மேலேயே அவரைப் படகில் ஏற்றிவிட்டாள். கணவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். தண்ணீர் பட்டதும் படகு ஒருதரம் முனகியது. பிறகு சத்தமே இல்லை. டிரெய்லர் அடியிலிருந்து கழன்று போனது அவருக்குக் காலில் தெரிந்தது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். கரை தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

“எப்படிண்ணே இருக்கு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தவர் குனிந்து பார்த்தார். செருப்பு நனைந்திருந்தது.

கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பித்தளை மூடி. ராத்திரி பெய்த மழைத்தண்ணீரை வடிக்க, காலையில் படகின் பின்பக்க ஓட்டையிலிருந்து அவர்தான் கழற்றினார். இறக்குமுன் அடியில் கைவிட்டுத் தடவுவது அதற்குத்தான். கீழே நின்றவரைக்கும் ஒருநாளும் தவறியதில்லை. இன்று மேலே உட்கார்ந்திருந்தார்.

“இன்ஜின ஸ்டார்ட் பண்ணாதீங்க!” என்று சொல்லிவிட்டுக் குதித்தார். மார்பளவு தண்ணீர். தடவித் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து மூடியைத் திருகினார்.

“மேல ஏறுங்கண்ணே, ஏறுங்க!”

அவர் படகின் பின்பக்கத்தைப் பார்த்தார். உள்ளே போன தண்ணீர், இன்ஜின், டாங்க், எல்லாப் பாரமும் அங்கேதான். தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஏணியும் அங்கேதான் இருந்தது. இந்தக் கணக்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“நான் தொத்தினா இன்னும் அமுங்கும். பம்ப்பப் போடுங்க. முன்பக்கம் தூக்குற மாதிரி வேகமாப் போங்க. தண்ணியெல்லாம் பின்னால வந்து பம்ப் வழியா வெளிய போயிரும்.”

“நீங்க?”

“போங்கம்மா!”

அவள் போனாள். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நடு ஏரிக்கு ஓடியது. அவர் தண்ணீரிலேயே நின்றார். கொஞ்சநேரம் கழித்து அதன் அலை வந்து நெஞ்சில் இடித்தது.

கரையேறி, வண்டியில் வைத்திருந்த போனை எடுத்தபோது மனைவிதான்.

“என்ன கேப்டன், ஏறியாச்சா?”

“ஏறினேன்.”

“எப்படி இருந்துச்சு?”

அவர் யோசித்தார். “கீழ புடிச்சிட்டிருந்தது எல்லாம் விட்டுருச்சு. ஷெட்டுல அப்படி இருக்காது.”

“அப்புறம்?”

“அப்புறம் இறங்கிட்டேன். என் தப்புதான்.” நடந்ததைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அது அவரை இன்னும் சங்கடப்படுத்தியது.

“அந்தம்மா திரும்பி வரும்ல?”

“வரும். ஆனா கூப்பிடணுமே.”

“கூப்பிடலன்னா கேளுங்க. இருபத்தாறு வருஷமா வாய்க்கும் சேத்தா வெல்டிங் வச்சிருக்கீங்க? கேக்காம ஈரத்துணியோட வந்தீங்கன்னா கதவத் தொறக்க மாட்டேன்.”

போனை வைத்தாள். அவர் காலி டிரெய்லரின் சட்டத்தில் ஏறி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார். தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. போகிறதா வருகிறதா என்று தெரியவில்லை. “நானும் ஒரு ரவுண்டு வரட்டாம்மா?” என்று மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குரல் சரியாக வரவில்லை. மறுபடியும் சொன்னார்.