அரையடிக் குழாய்

பக்கத்து ஃபிளாட்காரர் மொட்டைமாடியில், டின்னில் தானே செய்த ராக்கெட் அடுப்பைப் பற்றவைத்தார். "புகையே வராது மேடம், எல்லாம் நம்ம டிசைன்." புகை வரவில்லை. சவுக்கு எரியும் வாசனை மட்டும் வந்தது.

எண்பதுகளில் பொழிச்சலூரில் அப்பா மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தார். ஐப்பசி மழையில் மோட்டாரின் கம்பிச்சுருளுக்குப் பூசிய வார்னிஷ் உலராது. பட்டறையைச் சூடாக்க எண்ணெய் டின்னில் இதே மாதிரி அடுப்பு செய்தார். அது எங்கள் கண்களைத்தான் எரித்தது. புகைக்குழாயை ஒருநாள் அரையடி கூட்டுவார், மறுநாள் குறைப்பார், பெரிய விஞ்ஞானி மாதிரி தாடையைச் சொறிவார்.

"விறகு ஈரமா இருக்குங்க" என்றாள் அம்மா.

"உனக்கு இன்னா தெரியும்? இது ஏர் பிராப்ளம்."

அப்பாவுக்குக் கை உண்டு, காது கிடையாது. அம்மா நாலு நாள் சமையலறை அடுப்பைச் சுற்றி விறகை அடுக்கி உலர்த்தினாள். ஐந்தாம் நாள் டின் அடுப்பு புகையில்லாமல் எரிந்தது. வந்தவர்களிடமெல்லாம் அப்பா குழாயைத் தட்டிக் காட்டினார்: "இந்த அரையடிலதான் சார் கீது சூட்சுமம்."

ஃபிளாட்காரரும் இப்போது குழாயைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

"விறகை யார் சார் காயவெச்சது?" என்றேன்.

"அதுவா? அதெல்லாம் வொய்ஃப் பாத்துப்பாங்க மேடம். நான் டெக்னிக்கல் சைடு மட்டும்தான்."