தண்ணீரில் கிடந்த கார்

என் சின்ன மகளுக்குக் கார் மேல் ஆசை இருந்ததே இல்லை. கடல் தாண்டி வந்த இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த வேலை அப்படி. எழுந்து நடமாட முடியாத பெரியவர்களை அவரவர் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து, நாலு வாய் சாப்பிட வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். ஒரு வீடு இந்தக் கோடியில், இன்னொரு வீடு அந்தக் கோடியில். பஸ்ஸை நம்பினால் காலையில் குளிக்க வேண்டியவர் சாயங்காலம்தான் குளிப்பார். அதனால் சொந்தக் கார் இருந்தால்தான் வேலை என்று ஆபீசில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை இருக்கும்வரைதான் எங்கள் எல்லோருக்கும் இந்த நாட்டில் இருக்க அனுமதி. அது போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கே போவது? மாப்பிள்ளை கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறார். வைத்தியம் இங்கேதான் நடக்கிறது. பேத்தி இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள். நான் சமையலைப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்னால் ஆகும். ஆக, நாலு பேரின் பாரமும் சின்னவள் தலையில்.

வேலையை அவள் வேலை மாதிரிச் செய்கிறவள் இல்லை. யார் உடம்பைத் தொடுவதற்கு முன்னாலும் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். "ஜில்லுனு கை பட்டா வயசானவங்களுக்கு உசுரே ஒடுங்கிடும்மா" என்பாள். பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் கைக்கு ஒரு குணம் உண்டு.

அவள் முதலில் போகிற வீடு ஒரு கிழவருடையது. வாலிபத்தில் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். தனிக்கட்டை. மகன் வேறு ஊரில். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவர் எழுந்திருக்கவே கூடாது. ஆனால் மணி அடித்தால் மனிதருக்கு உட்கார்ந்திருக்க முடியாது. கப்பலில் மணிக்கு மணி ஓடிப் பழகிய கால். வாசல் மணி அடித்தாலும் சரி, நடையில் இருக்கிற டெலிபோன் அடித்தாலும் சரி, கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுவிடுவார். "உக்காருங்க, கப்பல் ஒண்ணும் முழுகல" என்று சின்னவள் தோளைப் பிடித்து அமர்த்துவாளாம். அவர் சிரிப்பாராம்.

ஆரம்பத்தில் கூட வேலை செய்கிற இந்த ஊர்ப் பெண் ஒருத்தி தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். பனைமர உயரம். மாப்பிள்ளை அவளுக்கு நெட்டை என்று பெயர் வைத்தார். அவளை வேறு பகுதிக்கு மாற்றியதும் சின்னவளுக்குக் கார் வாங்கியே தீர வேண்டும் என்றாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து சேர்ந்தான். கடையில் வரிசையில் நின்றபடி சின்னவள் போனில் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள். பின்னால் நின்றவன், "அக்கா நம்மாளா? காதுல தேன் வந்து பாயுதுக்கா" என்று ஆரம்பித்திருக்கிறான். பழைய கார் வாங்கி விற்பது அவன் தொழில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். ஆள் நுழைவதற்கு முன்னால் அவன் பூசியிருந்த வாசனை நுழைந்தது. மாப்பிள்ளை படுத்தபடியே என்னைப் பார்த்து, "அத்தை, ஜவ்வாது வந்திருக்கு, தட்டு வைங்க" என்றார். அன்றிலிருந்து அவன் பெயர் ஜவ்வாது.

"ஒரே கை ஓட்டின வண்டி அண்ணே. ஒரு டாக்டரம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளிய எடுப்பாங்க."

"மத்த நாள்ல டாக்டரம்மா பறந்தா போவாங்க?" என்றார் மாப்பிள்ளை.

"அண்ணனுக்கு இடுப்புதான் போச்சு, குசும்பு போகல" என்று அவன் சிரித்தான். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டான். என்னை வாய் நிறைய அம்மா என்றான்.

நெட்டையிடம் சின்னவள் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாளாம்: வாங்குவதற்கு முன்னால் உனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய், காரைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல். சின்னவள் இதை வீட்டில் வந்து சொன்னபோதே சங்கடப்பட்டாள்.

"எப்படிம்மா கூட்டிட்டுப் போறது? வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போன மனுஷன். அக்கா அக்காங்கறான். மெக்கானிக்கோட போய் நின்னா, உன்ன நம்பலடான்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆகாது?"

மாப்பிள்ளையும், "ஆமா, அது மரியாதையா இருக்காது" என்றார். இந்த ஊர்க்காரன் விற்றிருந்தால் காரைக் குடைந்து பார்த்திருப்பார்கள். அப்படிப் பார்ப்பதை இங்கே யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. நம் மனிதன் என்றதும் நமக்கு வாய் அடைத்துவிடுகிறது. நம் ஆட்கள் எத்தனை பேர் இப்படி மாட்டிக்கொண்டார்கள் என்று பிற்பாடுதான் காதில் விழுந்தது.

கார் பளபளவென்றிருந்தது. கருநீலம். சீட்டுக்குப் புது உறை, காலடியில் புது விரிப்பு, கண்ணாடிக்குக் கீழே தொங்குகிற வாசனை அட்டை ஒன்றல்ல, கொத்தாக. அவன் வீட்டுக்கு வரச் சொல்லாமல் ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்தத்துக்கு வரச் சொல்லியிருந்தான். நாங்கள் போகும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்விளக்குக்குள் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. பேத்திதான் விரலால் தொட்டுப் பார்த்து, "உள்ள தண்ணி இருக்கு" என்றாள்.

"பனிடா செல்லம். இந்த ஊர்ல எல்லாக் காருக்கும் வேர்க்கும்" என்றான் ஜவ்வாது. சின்னவள் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு மழை பிடித்துக்கொண்டதும் காரின் உண்மையான முகம் தெரிந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி தானாக இறங்கும். அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் இன்னொரு கையால் பிளாஸ்டிக் தாளையும் பிடித்துக்கொண்டு நனைந்து வருவாள். வாசலில் நிறுத்திய கார் யாரும் தொடாமலே ஹாரன் அடிக்கும்.

"காருக்குப் பேய் புடிச்சிருக்கு. ஜவ்வாதையே கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்லு" என்றார் மாப்பிள்ளை. அப்போதும் சிரித்தோம்.

வாசனை அட்டைகளின் நெடி போனதும் உள்ளே வேறொரு வாடை கிளம்பியது. ஈரச் சாக்கை மடித்து வைத்தால் வருகிற முடை. கடைசியில் சின்னவள் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவன் புது விரிப்பைக் கிழித்துத் தூக்கினான். அடியில் மாவு மாதிரி வண்டல். சீட்டுத் திருகுகள் எல்லாம் துருவேறிச் செங்கல் நிறம். இந்தக் கார் எங்கேயோ வெள்ளத்தில் முழுகிக் கிடந்தது, கம்பிகளெல்லாம் உள்ளுக்குள்ளே அரித்துப்போய்விட்டன, ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று போகும், இதை ஓட்டாதே என்று சொல்லிவிட்டான்.

ஜவ்வாதைக் கூப்பிட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் வாங்கும்போதே அப்படித்தான இருந்திருக்கும். நீங்க பாத்துத்தான வாங்குனீங்க? நான் பாக்க வேணாம்னு சொன்னேனா?"

போனைப் பிடுங்கிக் கேட்டேன்: "ஏன்டா, எங்க வீட்டுல உக்காந்து வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டியே, அப்ப தெரியலயாடா?" அதற்குள் வைத்துவிட்டான்.

ஆபீசில் சொல்லலாம். சொன்னால், வேறு கார் வரும்வரை வேலைக்கு வராதே என்பார்கள். வேறு கார் எங்கிருந்து வரும்? அதனால் அவள் மூச்சு விடவில்லை. அதையே ஓட்டினாள். நின்றால் தள்ளிவிட வசதியாக மேட்டில்தான் நிறுத்துவாள். ஒவ்வொரு நாளும் சாவியைத் திருகும்போது அவள் உதடு அசையும்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு காலை. கப்பல்காரர் வீட்டுக்குப் போகிற வழியில், மரங்களைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், கார் அணைந்துவிட்டது. அணைந்தது மட்டுமல்ல, நாலு கதவும் டப்பென்று பூட்டிக்கொண்டன. கண்ணாடி இறங்கவில்லை. மழை நாளில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் இறங்கிய கண்ணாடி! கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள், ஷூவைக் கழற்றிக் கண்ணாடியில் அடித்துப் பார்த்தாள். ஆபீசுக்குப் போன் செய்தாள், யாரும் எடுக்கவில்லை. கிழவர் காத்திருப்பாரே, வரத் தாமதமாகும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அடித்தது.

குப்பை லாரிக்காரர்கள் வந்து கண்ணாடியை உடைத்து அவளை வெளியே இழுத்தார்கள். அங்கிருந்து அவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தபோது அவர் நடையில் கிடந்தார். கை டெலிபோனை நோக்கி நீண்டிருந்தது. உயிர் இருந்தது. இவள் வழக்கம்போல உள்ளங்கையைத் தேய்த்துவிட்டுத்தான் அவர் கன்னத்தைத் தொட்டாளாம். அவர் இவளைப் பார்த்து, யாரோ கூப்பிட்டார்கள் என்றாராம்.

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்புக்கு வைத்தியம் செய்தார்கள். நெஞ்சில் சளி கட்டியது. எழுந்திருக்கவே இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டார்.

சின்னவள் என்னிடம் மட்டும் சொன்னாள். பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "மணி அடிச்சா அவரால எடுக்காம இருக்க முடியாதும்மா. வேற யாருக்குத் தெரியலன்னாலும் எனக்குத் தெரியும். ரெண்டு தடவ அடிச்சேன்."

"நீ வேணும்னா அடிச்ச?"

"வேணும்னு அடிக்கல. தெரிஞ்சு அடிச்சேன்."

என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். அவள் அதே தட்டையே திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் மாப்பிள்ளை அவளை அருகில் உட்கார வைத்துக்கொண்டார். "இந்தா பாரு. கார் திடீர்னு நின்னு போச்சு. அவ்வளவுதான். முன்னாடியே தெரியும்னு வாய தொறந்த, நாம எல்லாரும் காலி. புள்ள படிப்பு காலி. என்ன இங்கருந்து தூக்கிட்டுப் போகக்கூட முடியாது." அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்தார். நான் பேத்தியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

மேலதிகாரி அம்மாள் நல்ல மாதிரியாகவே கேட்டாளாம். காரில் கோளாறு இருப்பது முன்பே தெரியுமா?

தெரியாது என்றாள் என் மகள்.

அத்தோடு கேள்வி முடிந்தது. உன் மேல் தப்பு இல்லை, ஆனால் சீக்கிரம் வேறு காருக்கு ஏற்பாடு செய், இல்லாவிட்டால் உன் வீடுகளை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. சின்ன வயதில் பாலைக் கொட்டினால்கூடத் தானே வந்து கொட்டிவிட்டேன் என்பாள். அவள் சொன்னது பொய்தான். அதைப் பொய் இல்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. அதற்காக அவளை யாராவது ஒரு சொல் சொன்னாலும் விட மாட்டேன்.

அந்த வாரத்தில் ஜவ்வாது கூப்பிட்டான். குரலில் ஒரு குறையும் இல்லை. "அக்கா, மனசு கேக்கல. அந்தக் கார நானே எடுத்துக்கறேன். புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு, நம்மாளுங்கதான்..."

அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாளே காயலான் கடைக்கு ஆள் சொல்லிக் காரை இழுத்துப் போகச் செய்தாள். கூடவே போய் நின்றாள். எந்திரம் அதை அப்பளமாக நசுக்கும்வரை நகரவில்லை என்று அவளைக் கொண்டுவந்து விட்ட நெட்டை சொன்னாள்.

இந்த ஊரில் அடக்கம் செய்ய நாள் கணக்கில் ஆகும். கப்பல்காரரின் அடக்கத்துக்கு நானும் போனேன். அவருடைய மகன், தலை நரைத்தவர், சின்னவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் பேசியதை அவளே எனக்குத் தமிழில் சொன்னாள். அப்பா போனில் உங்களைப் பற்றித்தான் பேசுவார். கை சூடாக இருக்கும் என்பார். உங்கள் காரும் போய்விட்டதாமே. அப்பாவின் கார் கொட்டகையில் சும்மா நிற்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பணமெல்லாம் வேண்டாம். அப்பாவும் அதைத்தான் விரும்புவார்.

அவள் வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். "உங்களுக்கு வேலைக்குக் கார் வேண்டுமே" என்றார் அவர். அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை.

இந்தக் காரை மெக்கானிக்கிடம் தூக்கிக் காட்டினாள். ஒரு குறையும் இல்லை. பொத்திப் பொத்தி வைத்திருந்த கார் என்றானாம். மழையில் கண்ணாடி இறங்குவதில்லை, தானாகக் கத்துவதில்லை. வேலை நிலைத்துவிட்டது. நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

கிழவருக்கு நீளமான கால். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்திருந்தார். இழுத்துவிட்டால் முன்னால் வரும். சின்னவள் அதைத் தொடுவதில்லை. முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, எட்டாத காலை எட்டி எட்டித்தான் ஓட்டுகிறாள்.

"இடுப்பு போயிடும்டி. உன் புருஷனுக்கு ஏற்கெனவே இல்ல" என்றேன்.

"போகட்டும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.