மாப்பிள்ளை வீட்டுக் காரில் தெறித்த வெள்ளிப் பெயின்ட்

சில வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாலை ராகுகாலம் முடிந்த பிறகு வருவதாகத்தான் பேச்சு. நாகர்கோவிலிலிருந்து கிளம்பியவர்களோ, ராகுகாலம் தொடங்குவதற்குள் போய்விடுவோம் என்று நான்கு மணிக்கே வாசலில் வந்து இறங்கிவிட்டார்கள்.

அப்பாவுக்கு சாலை பஜாரில் துணிக்கடை. கல்லூரி முடித்ததிலிருந்து அவரோடு கடையைப் பார்த்துக்கொள்வது நான்தான். கல்யாணத்துக்குப் பிறகும் கடைக்குப் போவேன் என்று சொன்னதாலேயே இரண்டு வரன்கள் கை நழுவிப் போயிருந்தன. "இன்னைக்கு ஒரு நாள் கடைப் பேச்சை எடுக்காதடி, கேட்டியா?" என்று அம்மா காலையிலிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டி வைத்தேன். கடையை விடச் சொல்லும் மாப்பிள்ளை எனக்கு வேண்டாம் என்பது மட்டும் மனதில் உறுதியாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு நாகர்கோவிலில் வங்கி வேலை. கூடவே அவருடைய அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அந்த வீட்டில் அத்தான் வைத்ததுதான் சட்டம் என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார். வந்த காரும் அத்தானுடையதுதான், புத்தம் புதியது. என்னைப் பற்றிக் கேட்டதைவிட அவர் காரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

கேசரி சாப்பிட்டு முடித்ததும், "ரெண்டு பேரும் வெளிய போய்த் தனியா நாலு வார்த்தை பேசட்டும்" என்றார் அத்தான். வீட்டு முன்புறத் திண்ணையான சிட் அவுட்டுக்கு வந்தோம். என்ன பேசுவது என்று தெரியாமல் தெருவைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். காரின் முன் கண்ணாடி முழுவதும் விபூதி அள்ளித் தூவியதுபோல் வெள்ளிப் புள்ளிகள்!

பக்கத்திலேயே பெயின்டர் எங்கள் கேட்டுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் வருவதற்குள் கேட் பளபளக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவர்கள் சீக்கிரம் வந்த பதற்றத்தில் வேலையை நிறுத்தச் சொல்ல எல்லோருமே மறந்துவிட்டோம். காற்று வேறு கார்ப் பக்கமாக அடித்தது.

"யாரு வந்தாலும் நிறுத்தாண்டாம்னு மொதலாளிதானே சொன்னாவ" என்றார் பெயின்டர், ஸ்ப்ரேயை நிறுத்திவிட்டு அப்பாவியாக.

"அத்தான் பாத்தா அவ்வளவுதான்" என்று மாப்பிள்ளை கைக்குட்டையை உருவிக்கொண்டு ஓடினார்.

"தேய்க்காதீங்க!" என்று கத்தினேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அப்பா, சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோடு ஓடி வந்தார். அதைப் பிடுங்கிக்கொண்டு, "அவரோட அத்தானை உள்ளேயே பேச்சுல பிடிச்சு வையுங்கப்பா" என்று திருப்பி அனுப்பினேன்.

காரும் வெள்ளி நிறம் என்பதால் மற்ற இடங்களில் பட்டது கண்ணுக்கே தெரியவில்லை. கண்ணாடிதான் காட்டிக்கொடுத்தது. ஓணம் முடிந்ததும் கடைக் கண்ணாடியில் ஒட்டிய தள்ளுபடி ஸ்டிக்கர்களைச் சுரண்டுவது வருடா வருடம் என் வேலை. அதே வித்தைதான் இங்கும். முதலில் தூசி போகக் கழுவினோம். பிறகு கண்ணாடி நிறையச் சோப்புத் தண்ணீர். புது பிளேடைப் படுத்தாற்போல் பிடித்து ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். பின்னால் இழுத்தாலோ, கண்ணாடி காய்ந்துபோனாலோ கீறல் விழுந்துவிடும்.

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "ஊத்துங்க", "போதும்", "இந்தப் பக்கம்" என்று நான் அதட்ட அதட்ட, மாப்பிள்ளை வாளியும் கப்புமாகச் சுற்றிச் சுற்றி வந்தார். பிளேடு போகாத ரப்பர் ஓரங்களில் மட்டும் துணியில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு, ரப்பரில் படாமல் ஒற்றி எடுத்தேன். காலையில் ஆசையாகப் போட்ட என் நகப்பூச்சும் அதோடு போயிற்று.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு ஆட்டிய தலை மறந்தே போனது. "எங்க கடையில. கல்யாணம் ஆனாலும் கடைக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் ஊற்றிய கை அப்படியே நின்றது. மூன்றாவது வரனும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அதற்குள் எனக்கு அவரைப் பிடித்துப் போயிருந்தது.

அவர் பதில் சொல்வதற்குள் அத்தான் வெளியே வந்துவிட்டார். மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து கண்ணாடியை இப்படியும் அப்படியும் பார்த்தார், விரலால் தடவினார். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு வாளியோடு நின்ற மச்சினனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டானேம்மா இவன்! எப்படி வாளி தூக்க வச்ச?"

மாப்பிள்ளை வாளியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அத்தான், நான் திருவனந்தபுரத்துக்கு மாத்தல் கேக்கப் போறேன்."

அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சந்தோஷத்தில், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவருக்கு இங்கேயே தம்பானூர் பக்கம் வேலை, எனக்கு அதே கடை. தனியாகப் பேச அனுப்பிய நேரத்தில் நாங்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் "ஊத்துங்க", "போதும்" என்பவைதான். ஆனாலும் ஒவ்வொரு ஓணமும் முடிந்து, கடைக் கண்ணாடி முன்னால் அவர் வாளியோடு வந்து நிற்கும்போது, அன்று பெயின்டரை நிறுத்தச் சொல்ல நாங்கள் மறந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.