அம்மா மண்டபத்து மாடு

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சர்க்கரை இருக்கிறது. நடந்தால் முட்டி வலிக்கிறது என்றேன், அப்படியானால் சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. அவள் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டாள். டயரும் செயினும் மாற்றி எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். இவ்வளவுதான் விஷயம். ஆனால் எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவுக்கு இது பெரிய செய்தியாகிவிட்டது. "என்னக்கா, வீட்டுக்காரர் பெட்ரோலுக்குக் காசு தரலையா?" என்று ஒருவன் கேட்டான். "உன் வீட்ல உனக்குச் சோறு போடுறாங்கல்ல, அதைத் தின்னுட்டு சும்மா இரு" என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கிளம்பி ஸ்ரீரங்கம் வரை போய் வருவேன். சைக்கிளில் போனால் பஸ்ஸில் கண்ணில் படாததெல்லாம் படும் என்று மகள் சொன்னாள். பட்டது. ஒரு வயதுக் குழந்தைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கிரீடம் வைத்து, காதுகுத்து ஃபிளக்ஸ் ஒன்றை நடைபாதைக்குக் குறுக்கே கட்டியிருந்தார்கள். படத்தில் அதற்குப் பின்னால் குழந்தையின் மாமன்மார் பத்துப் பேர் போன் பேசுகிற மாதிரி நிற்கிறார்கள். நடப்பவர்கள் ரோட்டில் இறங்கி லாரிக்கு நடுவே போகிறார்கள். இன்னொரு இடத்தில் ரோட்டில் பெரிய பள்ளம். யாரோ எச்சரிக்கைக்காக அதில் ஒரு வாழைக்கன்றை நட்டுவைத்திருந்தார்கள். நல்ல யோசனை என்று நினைத்தேன். அடுத்த வாரம் அந்தக் கன்றுக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, அகல் விளக்கு ஏற்றியிருந்தது. பள்ளம் அப்படியே இருந்தது.

காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றைக் கும்பிடுவார்கள். கும்பிட்ட கையோடு வண்டியில் தொங்கும் கேரி பேக்கை எடுத்து, உள்ளே இருக்கும் காய்ந்த மாலையோடும் பழைய சாமி படத்தோடும் அப்படியே தண்ணீரில் வீசுவார்கள். ஒருவரை நிறுத்திக் கேட்டேன். "பூஜை சாமானுங்க. குப்பைல போடக் கூடாதுல்ல?" என்றார். குப்பையில் போடக் கூடாது என்பதால் ஆற்றைக் குப்பையாக்குகிறார்.

அந்த மாட்டையும் இப்படித்தான் பார்த்தேன்.

ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போகிற வழியில் ஒரு பெண் அகத்திக்கீரைக் கட்டுகளைச் சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டு நிற்பாள். பக்கத்திலேயே ஒரு சிவலைப் பசு. இறந்துபோன அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்க வருகிறவர்கள் அவளிடம் ஒரு கட்டு வாங்கி, அந்தப் பசுவுக்கே கொடுத்து, அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். அவர்கள் திரும்பியதும் இவள் மாட்டின் வாயிலிருந்து கட்டை உருவி, நுனியை உதறி, மறுபடி சாக்கில் வைத்துவிடுவாள். அடுத்த ஆள் அதையே வாங்குவார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. சைக்கிளை நிறுத்தினேன்.

"ஏம்மா, ஒரே கட்டை எத்தனை பேருக்கு விப்ப?"

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "எல்லாத்தையும் தின்னா மாடு செத்துடும்க்கா. கொடுக்கிறவங்களுக்கு, அது வாய் வச்சாப் போதும். நீங்க வேணா ஒரு கட்டு வாங்குங்களேன், புதுசாவே தரேன்."

"எனக்கு வேணாம்."

"அப்போ கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வர்றவங்களுக்கு மறைக்குது."

என்னையே தள்ளி நிற்கச் சொன்னவள். அதனால்தான் அவளை எனக்குப் பிடித்துப்போனது. அதன் பிறகு வாரா வாரம் நின்று பேசிவிட்டுப் போவேன். இருப்பது அந்த ஒரு மாடுதான், சினையாக இருக்கிறது, அது கறக்கிற பாலில்தான் வீடு ஓடுகிறது என்று சொன்னாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஆடி அமாவாசை அன்று போனேன். அன்றைக்குப் போயிருக்கக் கூடாது, அவ்வளவு கூட்டம். பாலத்திலேயே கார்கள் நின்றுவிட்டன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். படித்துறைப் பக்கம் கால் வைக்க இடமில்லை. மாட்டைச் சுற்றி ஒரே கும்பல். இவளிடம் கீரை வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், வீட்டிலிருந்தே கொண்டுவந்தவர்கள் இன்னொரு பக்கம். சர்க்கரைப் பொங்கல், சீப்புச் சீப்பாக வாழைப்பழம், ஊறவைத்த பச்சரிசி, எள்ளு கலந்த சாத உருண்டை. ஒரு அம்மா பன் கொடுத்தாள். கீரைக் கட்டை இவள் உருவிவிடலாம், பொங்கலை எப்படி உருவுவது?

"போதுங்க, நிறையச் சாப்பிட்டுடுச்சு" என்று இவள் கத்திக்கொண்டே இருந்தாள்.

"எங்க அம்மாவுக்குப் படைச்சதுங்க, வேணாம்னு சொல்லாதீங்க" என்று அடுத்த ஆள் மாட்டின் வாயில் திணித்தார்.

நான் கும்பலை விலக்கிக்கொண்டு கிட்டே போய்ச் சேர்ந்தபோது மாடு தின்பதை நிறுத்தியிருந்தது. கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, வாயிலிருந்து எச்சில் நூலாக வடிய, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது. அவள் கீரையை விட்டுவிட்டு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இது அசை போடவே மாட்டேங்குதுக்கா. இது போனா நான் என்னக்கா பண்ணுவேன்?"

என் வீட்டுக்காரர் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தில் இருந்தார்.

"இடது பக்கம் தட்டிப் பாரு."

"எது இடது?"

"மாட்டுக்கு இடதுடி!"

தட்டினேன். மேளம் மாதிரிச் சத்தம் கேட்டது. சொன்னேன். அவர் தூக்கம் கலைந்துவிட்டது.

"என்னத்தைத் தின்னுச்சு?"

"எல்லாத்தையும்."

"நல்லெண்ணெய் கால் லிட்டர், ஆப்ப சோடா ஒரு கை, கலந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. தலையை ரொம்பத் தூக்காதே, புரையேறிடும். படுக்க விடாதே, மேட்டுல ஏத்தி நடக்க வை. நான் டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

"பாலத்துல வண்டி நிக்குது, எப்படி வருவீங்க?"

"அதை நான் பாத்துக்கிறேன், நீ எண்ணெயைப் பாரு."

எண்ணெய்க்கா பஞ்சம்? பார்க்கிற பக்கமெல்லாம் எண்ணெய்க் கடை. ஒரு பாட்டிலை எடுத்தேன். 'விளக்கேற்ற மட்டும்' என்று போட்டிருந்தது. "இது வாய்ல வைக்கிறது இல்லைங்க" என்றான் கடைக்காரன். அடுத்த கடையிலும் அதே பாட்டில். சாமிக்கு ஊற்றுவதெல்லாம் வாயில் வைக்க முடியாத எண்ணெய்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு டிபன் கடை. அங்கே ஓடினேன். நல்லெண்ணெய் உடனே கொடுத்தார் கடைக்காரர். ஆப்ப சோடா கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"சோடாவா? நம்ம கடைல சோடாவே போடுறது கிடையாதுங்க. சாப்பிடுறவங்களையே கேளுங்க."

"மாட்டுக்குங்க!"

"யாருக்கா இருந்தா என்னங்க, நம்ம மாவு சுத்தமான மாவு."

"யோவ், உன் மாவைப் பத்தி யார் கேட்டா? அங்க சினை மாடு செத்துக்கிட்டு இருக்குது. நீ ஆப்பத்துல என்னத்தைப் போட்டாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், எடுத்துக் கொடு!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்தார். "எறும்புக்காக வாங்கி வச்சது" என்று என்னிடம் சொல்லாமல் சாப்பிடுகிறவர்களைப் பார்த்துச் சொன்னார்.

தண்ணீர் பாட்டிலில் கலந்து, அவள் மாட்டின் வாயைப் பிளக்க, நான் ஓரமாக ஊற்றினேன். பாதி என் புடவையில். அதற்குள் ஈர வேட்டியோடு ஒருவர் இலையில் சாத உருண்டையை ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறார். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம்.

"ஒரு வாய் மட்டும் வச்சுடுறேன்மா."

"மாடு சாகப்போகுதுங்க. கண்ணு தெரியலையா?"

"எங்க அப்பாவுக்கு வருஷத்துல இந்த ஒரு நாள்தான். மாடு வாய் வைக்கலைன்னா அவரு பட்டினிம்மா."

"உங்கப்பா என்ன, மாட்டைக் கொன்னுட்டுச் சாப்பாடு போடச் சொன்னாரா? இலையைக் கீழ வச்சுட்டு வந்து பின்னால தள்ளுங்க. இதை மேட்டுல ஏத்தணும்."

அவர் முகம் சுருங்கிப்போனது. நான் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் நயமாகப் பேச அப்போது நேரமில்லை. அவர் இலையைச் சுவரின் மேல் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், தள்ளினார். நான் முன்னால் போய்க் கூட்டத்தை விலக்கினேன். மாடு வருகிறது என்றால் வழி விடுவார்கள் என்று பார்த்தால், பசு எதிரே வருவது நல்ல சகுனம் என்று நின்று கும்பிடுகிறார்கள். ஒரு பெண் வாழைப்பழத்தை நீட்டினாள். கையைத் தட்டிவிட்டேன். சபித்திருப்பாள்.

சரிவில் ஏற்றி, முன்கால் மேட்டிலும் பின்கால் பள்ளத்திலுமாக நிறுத்தினோம். அவள் வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். துறையூர்க்காரரும் பிசைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மாடு முனகியது. அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, மாட்டிடம், "ஏப்பம் விடு சாமி, ஒரே ஒரு ஏப்பம் விடு" என்று கெஞ்சினாள்.

விட்டது. அப்படி ஒரு ஏப்பத்தை நான் கேட்டதே இல்லை. புளித்த பொங்கல் வாடை என் முகத்தில் அடித்தது. பிறகு இன்னொன்று. அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். துறையூர்க்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அவர் வைத்த இலையைக் காகங்கள் சுத்தமாகக் காலி பண்ணிவிட்டிருந்தன. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலிலேயே காக்கைக்கு வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. அந்த ஆளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் வண்டியைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு டாக்டரோடு நடந்தே வந்துசேர்ந்தார். டாக்டர் ஊசி போட்டார். "பொழைச்சுக்கும். கன்னுக்கும் ஒண்ணும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா போயிருக்கும். இனிமே சோத்தைக் கண்ணுல காட்டாதீங்க" என்றார்.

"அமாவாசைக்கு மாட்டை இங்க ஓட்டிட்டு வராதே" என்று நானும் அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

அடுத்த அமாவாசைக்குப் போனேன். அதே இடம், அதே சாக்கு, அதே கீரை, அதே மாடு. எனக்கு வந்த கோபத்தில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடவில்லை, சுவரில் சாய்த்துவிட்டுப் போனேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது, மாட்டின் வாய்க்குக் கயிற்றில் பின்னிய கூடை ஒன்றை மாட்டிவிட்டிருந்தாள். ஒரு புல்கூட உள்ளே போகாது.

ஒரு அம்மா கீரைக் கட்டோடு விழித்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, வாயைக் கட்டி வச்சிருக்கீங்களே, பாவம் இல்லையா?"

"இப்பதாங்க வயிறு நிறையச் சாப்பிட்டுச்சு. நீங்க கூடைல தொட்டு வைங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கும்."

அந்த அம்மா கட்டைக் கூடையில் தொட்டாள், சாக்கில் வைத்தாள், கும்பிட்டாள், நிம்மதியாகப் போய்விட்டாள். அடுத்து வந்தவரும் அப்படியே. பொங்கல் கொண்டுவந்தவரும் தூக்குவாளியைக் கூடையில் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனார். யாரும் சண்டை போடவில்லை. ஆடி அமாவாசை அன்று நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது, ஒரு கயிற்றுக் கூடையில் நடந்துவிட்டது.

"இதுக்கு மாடே தேவையில்லையே, கூடையை மட்டும் கொண்டாந்து வச்சாப் போதுமே" என்றேன்.

"மெதுவாப் பேசுங்கக்கா, யார் காதுலயாவது விழுந்துடப்போகுது" என்றாள்.

எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. மாட்டின் இடது பக்கம் போய் நின்றேன், மாட்டுக்கு இடது. தட்டிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. இன்னொரு இடத்திலும் தட்டினேன். சத்தமே இல்லை. சரி என்று சைக்கிளை எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண் அதே இடத்தில் இரண்டு முறை தட்டிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர் தன் பேரனைத் தூக்கிப் பிடித்து, "இங்க, இங்க தட்டுடா கண்ணா" என்று காட்டிக்கொடுத்தார்.