திருவாதிரை மங்கிய தை மாதம்

நனைந்த குடையை மடக்காமலேயே வாசலில் நின்றார் சம்பந்தியம்மா. அப்போது அவர் இன்னும் சம்பந்தியாகவில்லை. என் தங்கையைத் தன் இளைய மகனுக்குக் கேட்டு வந்து, வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார், அவ்வளவுதான். இறம்பொடையிலிருந்து பஸ் மாறி நோர்வூட்டில் இறங்கி, மழையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு ஏறி வந்திருந்தார். உட்காரச் சொன்னோம். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"பொண்ணோட நட்சத்திரம் அணையுதாமே, தம்பி? வெடிக்கப் போகுதுன்னு போன்ல காட்டுறாங்க."

தங்கை திருவாதிரை. அந்தத் தையில் திருவாதிரை வழக்கத்தைவிட மங்கியிருந்ததும் உண்மை. கோயில் அர்ச்சனைக்குப் பெயரோடு நட்சத்திரத்தையும் சேர்த்தே சொல்லிப் பழகிய சனங்கள் நாங்கள். அது வானத்தில் நிஜமாகவே எரிந்துகொண்டிருக்கிற ஒன்று என்று யார் நினைத்துப் பார்த்தது? அம்மாவின் முகம் செத்துவிட்டது. தங்கை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நான் விஞ்ஞான வாத்தியார், வாய் சும்மா இருக்குமா? சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிட்டு வியாழன் பக்கம் வரை நிற்கும் என்றேன். அத்தனை பெரிதாக இருந்தும் மேற்பரப்பின் சூடு சூரியனைவிடக் குறைவு, அதனால்தான் சிவப்பு. நாம் பார்ப்பதே பல நூறு வருஷத்துக்கு முன் கிளம்பிய வெளிச்சம். அது தானே கக்கிய தூசி, எதிர்மலையைப் பனி மூடுகிற மாதிரி அதை மறைத்திருக்கலாம் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. வெடிக்குமா, வெடிக்காதா?"

அம்மா பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தார். வெடிக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்திருக்கும். எனக்கு அது வரவில்லை.

"வெடிக்கும்," என்றேன். நாளைக்கும் இருக்கலாம், லட்சம் வருஷமும் ஆகலாம், நமக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்ச காலம் பகலிலும் தெரியும் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

சம்பந்தியம்மா குடையை மடக்கினார். உள்ளே வந்து உட்கார்ந்து, பால் இல்லாத பிளேன்டீ கேட்டார். மூத்த மகனுக்கு, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்பதைப் பெண் வீட்டார் மறைத்துக் கட்டிவைத்தார்களாம். வருஷம் திரும்புவதற்குள் அவள் அவனை விட்டுப் போய்விட்டாளாம்.

"பயந்துகிட்டுத்தான் வந்தேன், தம்பி. ஆனா ஒங்க வீட்ல எதையும் மறைக்க மாட்டாங்கன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. நாள் குறிங்க."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. திருவாதிரையும் பழையபடி தேறிவிட்டது. போன மார்கழியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பொழுது சாய்ந்ததும் சம்பந்தியம்மா எங்களை வாசலுக்குக் கூப்பிட்டார். கிழக்கே மலைக்கு மேல் அது சிவப்பாக ஏறியிருந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே மருமகளின் கையைப் பிடித்தார்.

"இனி அது வெடிச்சாலும் ஒன்னய நான் விட மாட்டேன், புள்ள."